போர்க்காலத்தில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை: பாதுகாப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே அறுந்துபோகிறது

சூடான் பற்றி யுனிசெஃப் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் 221 என்ற எண் இருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து அங்கே ஆயுதம் ஏந்தியவர்களால் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டு, உதவி தரும் அமைப்புகளின் பதிவேட்டில் ஏறிய குழந்தைகளின் எண்ணிக்கை அது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர்கள். பதினாறு பேருக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அந்தப் பதினாறு பேரில் நால்வர் ஒரு வயதுக் குழந்தைகள்.

இந்த எண்ணை வாசிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு மருத்துவ நிலையம் இயங்கிக்கொண்டிருந்து, அங்கே போகும் வழியில் சோதனைச் சாவடி இல்லாதிருந்து, வீட்டில் யாரோ ஒருவர் குழந்தை சொன்னதை நம்பி அழைத்துச் சென்றால்தான் ஒரு சம்பவம் பதிவாகிறது. ஆயுத மோதல்களில் சிக்கிய குழந்தைகள் குறித்து ஐ.நா. ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைக்கும் இது பொருந்தும். 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் சரிபார்க்கப்பட்ட கடும் மீறல்கள் (கொலை, படைச் சேர்ப்பு, கடத்தல், பாலியல் வன்முறை உள்ளிட்டவை) 41,370. பாலியல் வன்முறை முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் நேரடி ஆதாரத்தைப் பார்த்து உறுதிசெய்தவை மட்டுமே இந்தக் கணக்கில் வரும். போர் உக்கிரமாகி, கண்காணிப்பாளர்கள் நுழைய முடியாமல் போனால் எண்ணிக்கை குறையும். அந்தக் குறைவைப் பார்த்து நிலைமை சீரடைந்துவிட்டதாக எழுதுவது பெரும் பிழை.

"போர் என்றால் இதெல்லாம் நடக்கும்" என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. பாதுகாப்பு முயற்சிகளுக்கு முதல் தடை இந்த நம்பிக்கைதான். உள்நாட்டுப் போர்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தது வேறு. ஒரே போரில் ஒரு தரப்பு பெருமளவில் வல்லுறவில் ஈடுபட, இன்னொரு தரப்பு பெரும்பாலும் விலகியே இருந்திருக்கிறது. ஒரே படைக்குள் ஒரு பிரிவுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் உண்டு. வித்தியாசத்தைத் தீர்மானிப்பவை என்னென்ன என்பதும் ஓரளவு தெரியும். ஆட்களைக் கடத்திவந்து படையில் சேர்க்கும் குழுக்களில் கூட்டு வல்லுறவு அதிகம். ஒருவரையொருவர் அறியாத, நம்பாத ஆட்களைக் குற்றத்தில் கூட்டாளிகளாக்கிக் கட்டிப்போட அது உதவுகிறது. சில இடங்களில் ஒரு சமூகத்தை ஊரைவிட்டே ஓடவைப்பதற்காகத் தலைமையே அதைத் திட்டமிடுகிறது. வேறு பல இடங்களில் யாரும் உத்தரவிடுவதில்லை. தளபதி பார்த்தும் பாராமல் இருக்கிறார். உத்தரவு, தண்டனை, சம்பளம், சோதனைச் சாவடியில் மூத்த அதிகாரி இருப்பது போன்றவை நடத்தையை மாற்றுகின்றன என்றால், இது தடுக்கக்கூடிய குற்றம் என்றுதான் அர்த்தம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம் 28ஆவது பிரிவில் கட்டளைப் பொறுப்பை வைத்திருப்பதும் அதனால்தான். கீழே நடப்பதை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும் தடுக்காத, தண்டிக்காத தளபதி அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பாளி ஆகிறார்.

சட்டத்தைப் பொறுத்தவரை பஞ்சமே இல்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள், 1977இன் இரண்டு கூடுதல் நெறிமுறைகள், 1989இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (அதன் 34, 38, 39ஆம் பிரிவுகள் நேரடியாக இதைப் பேசுகின்றன), 1998இன் ரோம் சட்டம், பாதுகாப்புச் சபையின் பல தீர்மானங்கள் எல்லாம் இருக்கின்றன. வல்லுறவு, பாலியல் அடிமைத்தனம், கட்டாயப் பாலியல் தொழில், கட்டாயக் கர்ப்பம், கட்டாயக் கருத்தடை ஆகியவை போர்க்குற்றங்களாகவும், பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதியாக நடந்தால் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகவும் வரையறுக்கப்பட்டுள்ளன. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் 1998 செப்டம்பரில், முன்னாள் நகராட்சித் தலைவர் அக்காயேசுவின் வழக்கில், வல்லுறவு இனப்படுகொலையின் கருவியாகவும் இருக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. குறைபாடு வேறிடத்தில் இருக்கிறது: முகாமின் கழிப்பறையில், மருந்து அலமாரியில், குழந்தையிடம் கேட்கப்படும் கேள்வியில், குழந்தையின் விவரம் உள்ள கோப்பு யார் கைக்குப் போகிறது என்பதில்.

முகாமின் வரைபடம்

இடம்பெயர்ந்து வந்த குழந்தைக்கு ஆபத்து சண்டை நடக்கும் இடத்தோடு முடிவதில்லை. தண்ணீருக்கும் விறகுக்கும் போகும் வழி, இருட்டில் கழிப்பறைக்குப் போகும் வழி, உணவு வழங்கும் வரிசை ஆகியவைதான் முகாமுக்குள் தாக்குதல் நடக்கும் இடங்கள். சூடானின் டார்ஃபூரில் விறகு பொறுக்கப் போன பெண்களும் சிறுமிகளும் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்க ஒன்றியப் படையினர் விறகுக் காவல் ரோந்து என்று ஒன்றைத் தொடங்கிய பின்னணி அது. ரோந்து ஒழுங்காக, சொன்ன நேரத்தில் நடந்த இடங்களில் பயன் இருந்தது. ஒரு நாள் வந்து மறுநாள் வராத ரோந்து, போகலாம் என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்துவிட்டுக் கைவிடுகிறது. விறகின் தேவையையே குறைக்கும் அடுப்பும் எரிபொருள் விநியோகமும் ரோந்தைவிட உறுதியான பாதுகாப்பு.

மனிதநேயப் பணிக்கான ஸ்ஃபியர் தரநிலைகள் இவற்றுக்கு அளவு சொல்கின்றன. 20 பேருக்கு ஒரு கழிப்பறை. நெருக்கடியின் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று. குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளிருந்து தாழிட முடிய வேண்டும். தண்ணீர் எடுக்குமிடம் 500 மீட்டருக்குள்ளும், வரிசையில் நிற்கும் நேரம் 30 நிமிடத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர்.

இவை சுகாதாரப் பொறியாளரின் கணக்குகள்போலத் தோன்றும்; ஆனால் இங்கே ஒவ்வொரு மீட்டரும் பாதுகாப்புதான். தவறுகள் எப்போதும் ஒரே மாதிரி நடக்கின்றன. ஆண்கள், பெண்கள் கழிப்பறைகளை ஒரே தொகுதியாகக் கட்டி நடுவில் தகரம் வைப்பார்கள். தாழ்ப்பாள் முதல் வாரமே உடையும். மாற்ற யாருக்கும் பொறுப்பு இருக்காது. விளக்கைக் கழிப்பறைக்குள் போட்டுவிட்டு, அதற்குப் போகும் பாதையை இருட்டிலேயே விடுவார்கள். சில முகாம்களில் கழிப்பறையில் மட்டும் வெளிச்சம் இருக்க, ஆண்கள் அங்கே கூடி உட்கார, சிறுமிகள் போகப் பயந்து வெட்டவெளிக்குப் போவார்கள். இடத்தைத் தீர்மானிக்கும் முன் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளோடு ஒரு பெண் பணியாளர் முகாமைச் சுற்றி நடந்து, "எங்கே போகப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டால் பாதித் தவறுகள் தீரும். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.

பெற்றோரிடமிருந்து பிரிந்த குழந்தைகளுக்கு ஆபத்து பலமடங்கு. லாரியிலும் பேருந்திலும் மக்களை அவசரமாக ஏற்றும்போது குடும்பங்கள் பிரிகின்றன. மருத்துவ வெளியேற்றத்தில் குழந்தையை மட்டும் ஏற்றிவிட்டுத் தாயை விட்டுவிடும்போதும் அதுவே நடக்கிறது. ஏற்றுமுன் பெயர், ஊர், உடன்வருபவர், போய்ச்சேரும் இடம் எழுதிய பட்டியல் இரண்டு படிகள் வேண்டும். சிறு குழந்தையின் உடையில் உள்பக்கமாகப் பெயர்ச்சீட்டு வேண்டும். வெளியே தெரியும்படி கட்டினால் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லி அழைத்துப் போகலாம். தனித்து வந்த சிறுமியை "உறவினர்" என்று சொல்லி அழைத்துச் செல்ல வருபவரிடம், குழந்தையைத் தனியே விசாரித்து உறுதிசெய்யாமல் ஒப்படைக்கக் கூடாது. வளர்ப்புக் குடும்பத்தில் சேர்த்த பிறகும், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்ப்பது தொடர வேண்டும்.

குழந்தைத் திருமணம் இந்தக் கதையின் இன்னொரு முகம். முகாம்களில் பெற்றோர் மகளைப் பதினான்கு பதினைந்து வயதில் மணமுடித்துக் கொடுப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணமே பெரும்பாலும் பாதுகாப்புத்தான். அவர்களைக் கண்டித்துப் பயனில்லை. கதவில் பூட்டும், கையில் பணமும், மகள் போக ஒரு பள்ளியும் இருந்தால் திருமணத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் அநேகம்.

முதல் 72 மணி நேரம்

தாக்குதலுக்குப் பிந்தைய முதல் மூன்று நாட்களில் செய்யக்கூடியவை பின்னர் எவ்வளவு பணம் செலவிட்டாலும் செய்ய முடியாதவை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாட்கள் தொடர வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரம் வரை பயன் தரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்றால் 1.5 மில்லிகிராம் ஒரே வேளை, யுலிப்ரிஸ்டல் என்றால் 30 மில்லிகிராம். மாதவிடாய் தொடங்காவிட்டாலும் பருவமாற்றம் தொடங்கிய சிறுமிக்கு இது தேவைப்படலாம் என்பதைப் பல மருத்துவப் பணியாளர்கள் மறந்துவிடுகிறார்கள். வெட்டை நோய், கிளமிடியா, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கு நாட்டின் மருத்துவ நெறிப்படி எடைக்கேற்ற அளவில் மருந்து. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத குழந்தைக்கு முதல் ஊசி கூடியவரை 24 மணி நேரத்துக்குள், தவறினால் 14 நாட்களுக்குள். காயம் இருந்தால் டெட்டனஸ் தடுப்பு. 24 மணி நேரத்துக்கு மேலான அழுக்கடைந்த காயத்தைத் தைத்து மூடக் கூடாது.

நடைமுறையில் பிசகுவது எங்கே? முதலாவது, குழந்தைகளுக்கான எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கையிருப்பில் இருக்காது. பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் அளவு தப்பும். பிஞ்சுக் குழந்தைக்குக் கொடுக்கும் வடிவம் தனியாக வாங்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். நெருக்கடி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் இனப்பெருக்க நலச் சேவையின் குறைந்தபட்சத் தொகுப்பு செயலுக்கு வர வேண்டும் என்பது சர்வதேச நியதி. அதற்காக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் அனுப்பும் பெட்டிகளில் மூன்றாம் எண் பெட்டி வல்லுறவுக்குப் பிந்தைய சிகிச்சைக்கானது. அது 10,000 பேர் கொண்ட மக்கள்தொகைக்கு மூன்று மாதத் தேவையைக் கணக்கிட்டு அமைந்தது. பெட்டி தலைநகரக் கிடங்கில் சுங்க அனுமதிக்காகக் காத்திருந்தால், 72 மணி நேரம் என்பதற்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது, மருந்தைத் தவணையாகக் கொடுப்பது. ஏழு நாளுக்குக் கொடுத்து "அடுத்த வாரம் வாருங்கள்" என்றால், அடுத்த வாரம் அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 28 நாள் மருந்தையும் முதல் நாளே மொத்தமாகக் கொடுக்கச் சொல்கிறது. கூடவே குமட்டலுக்கு மருந்தும், எதற்காக இதைத் தொடர வேண்டும் என்று குழந்தைக்கும் உடன் வந்தவருக்கும் புரியும் விளக்கமும் வேண்டும். மருந்துப் புட்டியின் மேல் நோயின் பெயரை எழுதாமல் இருப்பது சிறு விஷயம்தான். ஆனால் முகாமில் அந்தச் சீட்டைப் பக்கத்துக் கூடாரத்துக்காரர் பார்த்துவிட்டால் மருந்து குப்பைக்குப் போகும்.

மூன்றாவது, காவல்துறைச் சீட்டு. சூடானில் சிகிச்சைக்கு முன் காவல்துறையிடம் 'படிவம் 8' பெற்று வர வேண்டும் என்ற நடைமுறை இருந்தது. 2004இல் அது தளர்த்தப்பட்ட பிறகும் களத்தில் நீடித்தது. இப்படியான நிபந்தனை எங்கிருந்தாலும் விளைவு ஒன்றுதான். குற்றம் செய்தவர் சீருடையில் இருக்கும்போது அவருடைய சகாக்களிடம் போய்ச் சீட்டு வாங்கச் சொல்வது, சிகிச்சைக்கு வராதே என்று சொல்வதற்குச் சமம். திருமணத்துக்கு வெளியேயான உறவைக் குற்றமாக்கும் சட்டமுள்ள நாடுகளில், புகார் கொடுத்த சிறுமியே குற்றவாளியாக்கப்படும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. சிகிச்சைக்குப் புகார் அவசியமில்லை என்பதை எழுத்துப்பூர்வமான சுற்றறிக்கையாக வாங்கி, மருத்துவ நிலையத்தின் சுவரில் ஒட்டி வைப்பது பயன் தந்திருக்கிறது.

உடல் பரிசோதனையில் செய்யாமல் விட வேண்டியவைதான் அதிகம். பருவமடையாத சிறுமிக்குக் கருவி வைத்து உள்பரிசோதனை செய்யக் கூடாது. உள்காயம் இருக்கிறது என்று சந்தேகித்தால் மயக்க மருந்து கொடுத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்தில்தான் பார்க்க வேண்டும். 'கன்னித்தன்மைப் பரிசோதனை'க்கு மருத்துவ அடிப்படை எதுவும் கிடையாது; அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் 2018இல் கூட்டாக அறிவித்தன. பெரும்பாலான குழந்தைகளின் உடலில் எந்த அடையாளமும் காணப்படுவதில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். "காயம் இல்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை" என்று ஒரு மருத்துவர் எழுதும் ஒற்றை வரி வழக்கையும் குழந்தையின் நம்பிக்கையையும் சேர்த்து அழிக்கிறது. எழுத வேண்டியது: காயத்தின் இடம், நீளம், நிறம், வடிவம்; உடல் வரைபடத்தில் குறியீடு; குழந்தை சொன்ன சொற்கள் அதே சொற்களில், மேற்கோள் குறிக்குள்.

குழந்தை விரும்பினால் உடன் வந்தவரின் மடியில் உட்கார்ந்தபடியே பரிசோதிக்கலாம். ஆனால் யார் உடன் இருக்க வேண்டும் என்பதைக் குழந்தையிடம் தனியே கேட்க வேண்டும். அழைத்து வந்தவரே குற்றவாளியாக இருக்கக்கூடும். "வேண்டாம்" என்று குழந்தை சொன்னால், உயிராபத்து இல்லாத எந்தப் பரிசோதனையையும் நிறுத்தியாக வேண்டும். ஒருமுறை பலவந்தத்துக்கு ஆளான உடலைப் பிடித்து வைத்துப் பரிசோதிப்பது சிகிச்சை ஆகாது.

தடய மாதிரிகள் பற்றி ஒரு வார்த்தை. மரபணு ஆய்வகம் இல்லாத, இருந்தாலும் போய்ச்சேராத இடத்தில் மாதிரி எடுப்பது வீண் துன்பம். ஆய்வு செய்ய வழியிருந்து, மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும் ஒழுங்காக இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். துணிகளைக் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து, தடயம் அழியும்.

எத்தனை முறை கேட்பது?

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில், விமான நிலையத்தை ஒட்டியிருந்த இடம்பெயர்ந்தோர் முகாமில், 2013-14இல் பிரெஞ்சுப் படையினர் சிலர் உணவைக் காட்டிச் சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. குழந்தைகள் சொன்னது பதிவுசெய்யப்பட்டது. பிறகு அந்தத் தகவல் ஐ.நா.வின் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. 2015 டிசம்பரில் அறிக்கை தந்த சுயாதீனக் குழு இதை நிறுவனத்தின் பெரும் தோல்வி என்று சுட்டியது. பிரான்ஸில் நடந்த விசாரணை 2018 ஜனவரியில் யார் மீதும் வழக்குத் தொடராமலே முடிந்தது. வெவ்வேறு சமயங்களில் குழந்தைகள் தந்த வாக்குமூலங்களுக்கு இடையிலான வேறுபாடுகள் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன.

இந்தக் களத்தில் பணியாற்றும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய வழக்கு இது. ஒரு குழந்தையை மருத்துவர், சமூகப் பணியாளர், மனித உரிமை அதிகாரி, காவலர், வழக்கறிஞர், பத்திரிகையாளர் என்று ஆறு பேர் தனித்தனியே கேட்டால், ஆறு விதமாகத்தான் பதில் வரும். குழந்தை தேதியையும் வரிசையையும் பெரியவர்போல் நினைவில் வைப்பதில்லை. ஒரே கேள்வி மீண்டும் வரும்போது முதல் பதில் தப்போ என்று எண்ணி மாற்றிச் சொல்லும். விவரத்தை நினைவூட்டும் கேள்விகள், கேட்பவரின் ஊகத்தைக் குழந்தையின் நினைவோடு கலந்துவிடும். பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு இந்த ஆறு தாள்களையும் அருகருகே வைத்து, "பொய்" என்று வாதாடும்.

ஆகவே, முதலில் சந்திப்பவர் முழுக்கதையையும் கேட்க வேண்டியதில்லை. உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையானதை மட்டும் கேட்டால் போதும்: எப்போது நடந்தது, எங்கே வலிக்கிறது, அந்த ஆள் இப்போதும் அருகில் இருக்கிறாரா, இன்றிரவு எங்கே தூங்கப் போகிறாய். விரிவான வாக்குமூலம் தேவைப்பட்டால், பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே முறை, ஒலியோ காணொளியோ பதிவுசெய்து எடுக்க வேண்டும். "நடந்ததை முதலிலிருந்து சொல்", "அப்புறம் என்ன ஆனது" போன்ற திறந்த கேள்விகள் வேண்டும். "அவன் உன்னை இங்கே தொட்டானா?" என்பதுபோல் பதிலை உள்ளே வைத்திருக்கும் கேள்விகள் கூடாது. தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்தலாம் என்று தொடக்கத்திலேயே குழந்தைக்குச் சொல்லி, அற்பமான ஒன்றைக் கொண்டு அதைப் பழக்கிக்காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எந்தத் தரப்பின் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதைக் குழந்தை கவனிக்கும். நாமும் கவனிக்க வேண்டும்.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்கோ ஜனநாயகக் குடியரசின் தெற்குக் கிவு மாகாணத்திலுள்ள கவுமு ஓர் எடுத்துக்காட்டு. 2013 முதல் 2016 வரை அங்கே நாற்பது வரையான சிறுமிகள், சிலர் கைக்குழந்தைகள், இரவில் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு வல்லுறவுக்கு ஆளானார்கள். நெடுநாள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பவமாகவே கையாளப்பட்டது. சிறுமிகளுக்குச் சிகிச்சையளித்த பான்சி மருத்துவமனையின் பதிவேடுகளில் ஒரே பகுதி, ஒரே முறை, ஒரே வகைக் காயம் என்று வடிவம் தெளிவானபோதுதான் இதன் பின்னால் ஓர் ஆயுதக் குழு இருப்பது நிறுவப்பட்டது. வழக்குகள் ஒன்றாக்கப்பட்டன. 2017 டிசம்பரில் நடமாடும் இராணுவ நீதிமன்றம், மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரையும் மேலும் பத்துப் பேரையும் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டித்தது. மருத்துவமனையில் எல்லாக் கோப்புகளும் ஒரே ஒழுங்கில் எழுதப்பட்டிருந்ததும், குழந்தைகளை மீண்டும் மீண்டும் கூண்டில் ஏற்றாமல் காத்ததும் இந்தத் தீர்ப்பின் அடித்தளம்.

கோப்பைப் பற்றிச் சொல்லும்போது: பெயரும் விவரமும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. கோப்பில் குறியீட்டு எண் மட்டும். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறொரு பூட்டில். சிகிச்சைக்குத் தரும் சம்மதமும், தகவலை வெளியே பகிரத் தரும் சம்மதமும் தனித்தனிக் கையெழுத்துகள். அலுவலகத்தைக் காலிசெய்து ஓட வேண்டி வந்தால் யார் எதை எடுத்துப்போவது, எதை எரிப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். கோப்புகள் ஆயுதக் குழுவின் கையில் கிடைத்தால் அவை கொலைப்பட்டியல் ஆகும்.

பத்திரிகைகளுக்கும் இதே அளவுகோல்தான். முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊரையும் தாயின் பெயரையும் போடுவது மறைப்பு ஆகாது. பாதிக்கப்பட்ட குழந்தையைப் பேட்டி காணாமலேயே செய்தியை முழுமையாக எழுத முடியும். மருத்துவர்களும் வழக்கு ஆவணங்களும் இருக்கிறார்கள்.

மனக்காயத்துக்கான சிகிச்சையிலும் வற்புறுத்தல் கூடாது. சம்பவத்தை உடனே முழுவதும் பேசவைக்கும் ஒரே அமர்வு 'ஆலோசனை' பயன் தராது என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. முதல் நாட்களில் பாதுகாப்பான இடம், தூக்கம், உணவு, நம்பும் ஒரு பெரியவர், வழக்கமான நாளொழுங்கு ஆகியவையே மருந்து. சில வாரங்களுக்குப் பிறகும் கொடுங்கனவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், பேச்சு நின்றுபோதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் போன்றவை தொடர்ந்தால், மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவு-நடத்தைச் சிகிச்சை பலன் தருகிறது. கொங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமிகளிடம் இதைக் குழுவாக நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அறிகுறிகள் பெருமளவு குறைந்திருந்தன. குடும்பம் குழந்தையை நம்புகிறதா, பழிக்கிறதா என்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்துகிறது. அதனால் தாய்தந்தையோடு செலவிடும் நேரமும் சிகிச்சையின் பகுதிதான்.

பட்டியலும் அதன் பலமும்

பாதுகாப்புச் சபையின் 1612ஆம் தீர்மானம் (2005) ஆறு கடும் மீறல்களைக் கண்காணிக்கும் பொறியமைப்பை உருவாக்கியது. 2009இல் வந்த 1882ஆம் தீர்மானம், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக்காகவும் ஒரு படையை அல்லது குழுவை ஆண்டறிக்கையின் இணைப்பில் பட்டியலிடலாம் என்றது. பட்டியலிலிருந்து வெளியேற வேண்டுமானால் ஐ.நா.வுடன் செயல்திட்டத்தில் கையெழுத்திட்டு நிறைவேற்ற வேண்டும்: தளபதி எழுத்தில் உத்தரவிட வேண்டும், குற்றவாளிகள் விசாரிக்கப்பட வேண்டும், முகாம்களைப் பார்க்க அனுமதி தர வேண்டும். சிறார்ப் படைச் சேர்ப்பில் இது ஓரளவு வேலை செய்திருக்கிறது; குழந்தைகளை எண்ணி விடுவிக்க முடியும். பாலியல் வன்முறையில் எண்ணிக் காட்ட எதுவுமில்லாததால், முன்னேற்றத்தை மெய்ப்பிப்பதும் கடினம், பொய்யான முன்னேற்றத்தை மறுப்பதும் கடினம். அரசியல் அழுத்தமும் உண்டு. 2016இல் யேமன் போருக்காகப் பட்டியலிடப்பட்ட சவூதி தலைமையிலான கூட்டணி சில நாட்களிலேயே நீக்கப்பட்டது. நிதியை நிறுத்துவோம் என்ற அச்சுறுத்தல் இருந்ததை அன்றைய பொதுச்செயலாளர் பான் கி மூனே ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் இந்தப் பட்டியலைக் கைவிடச் சொல்ல மாட்டேன். பட்டியலில் பெயர் வராமல் இருக்க அரசுகள் இவ்வளவு பாடுபடுவதே அதற்குப் பலம் இருப்பதன் சான்று.

காக்க வந்தவர்கள் செய்யும் குற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2002இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பணியாளர்களே உணவுக்கும் பொருளுக்கும் ஈடாகச் சிறுமிகளைச் சுரண்டியது வெளிவந்தது. மறுஆண்டு ஐ.நா. பொதுச்செயலாளரின் விதிமுறை வந்தது: 18 வயதுக்குட்பட்டவருடன் பாலியல் உறவு எந்த நாட்டிலும் தடை, வயது தெரியாது என்பது தற்காப்பு ஆகாது. ஹெயிட்டியிலிருந்து 2007இல் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் இப்படியான குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டனர். திருப்பி அனுப்புவதுதான் ஐ.நா.வால் முடிந்த எல்லை. அமைதிப்படையினரை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அவர்களுடைய நாட்டிடமே இருக்கிறது. சாட்சி ஒரு கண்டத்திலும் நீதிமன்றம் இன்னொரு கண்டத்திலும் இருக்கும்போது பெரும்பாலான கோப்புகள் அங்கேயே உறங்கிவிடுகின்றன. முகாம் அளவில் செய்யக்கூடியவை உண்டு. பொருள் விநியோகத்தில் பாதிக்கு மேல் பெண் பணியாளர்கள், ஒவ்வொருவருக்கும் என்ன அளவு கிடைக்க வேண்டும் என்று படம் போட்ட பலகை, விநியோகம் செய்யும் அமைப்பின் கைக்குப் போகாத புகார் வழி. அரிசி அளவு தெரியாத குழந்தையிடம்தான் "கூடுதலாகத் தருகிறேன்" என்ற பேரம் நடக்கும்.

ஆயுதக் குழுவுக்குள் இருந்த சிறுமிகள்

ஆயுதம் ஏந்திய சிறுவர்களைப் பற்றிப் பேசும்போது அதே குழுக்களில் 'மனைவி'யாகவும் சமையலாளாகவும் சுமைதூக்கியாகவும் வைக்கப்பட்ட சிறுமிகள் மறைந்துபோகிறார்கள். சியரா லியோனில் போர் முடிந்தபோது ஆயுதக் களைவு மையத்தில் சேர ஆயுதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. கையில் துப்பாக்கி இல்லாத சிறுமிகளில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். 2007இல் பாரிஸ் கோட்பாடுகள் இந்த வரையறையைத் திருத்தின: எந்தப் பணிக்காகச் சேர்க்கப்பட்டிருந்தாலும், பாலியல் நோக்கத்துக்காகவே வைக்கப்பட்டிருந்தாலும், அந்தக் குழந்தை ஆயுதக் குழுவோடு தொடர்புடைய குழந்தையே; விடுவிப்பும் மறுவாழ்வும் அவளுக்கும் உண்டு.

சட்டமும் தாமதமாக அங்கே வந்து சேர்ந்தது. கொங்கோ ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா 2012இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில், சிறார்களைப் படையில் சேர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அந்தச் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் வன்முறை குற்றப்பத்திரிகையிலேயே இல்லை. அதே குழுவின் தளபதி போஸ்கோ ந்டகண்டா வழக்கில்தான், ஒரு குழு தன் சொந்தப் படையிலுள்ள சிறுமிகள் மீது நடத்தும் வல்லுறவும் பாலியல் அடிமைத்தனமும் போர்க்குற்றமே என்று மேல்முறையீட்டு அமர்வு 2017இல் உறுதிசெய்தது. 2019இல் அவருக்கு 30 ஆண்டுச் சிறை. உகாண்டாவின் 'லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி' என்ற கிளர்ச்சிப் படையின் தளபதி டொமினிக் ஓங்வென் 2021இல் கட்டாயத் திருமணம், கட்டாயக் கர்ப்பம் உட்பட 61 குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டு 25 ஆண்டுச் சிறை பெற்றார். அவரே சிறுவனாகக் கடத்தப்பட்டவர். தண்டனையைக் கணக்கிடும்போது நீதிமன்றம் அதைக் கருத்தில் கொண்டது.

மீட்கப்பட்ட சிறுமியை இராணுவ முகாமில் வைத்து உளவுத் தகவலுக்காக விசாரிப்பது இன்னும் நடக்கிறது. நைஜீரிய அரசு 2022 செப்டம்பரில் ஐ.நா.வோடு கையெழுத்திட்ட ஒப்படைப்பு நெறிமுறை, இராணுவத்தின் கைக்கு வரும் குழந்தைகளை ஏழு நாட்களுக்குள் சிவில் அதிகாரிகளிடம் சேர்க்கச் சொல்கிறது. இப்படி நாள் எண்ணிக்கையோடு எழுதப்பட்ட ஒப்பந்தம், "விரைவில்" என்று எழுதியதைவிட மிக அதிகமாகப் பயன்படும்.

சிறுவர்கள் விஷயத்தில் மௌனம் இன்னும் கனமானது. தடுப்புக்காவலிலும் படைமுகாம்களிலும் அவர்கள் மீது நடக்கும் பாலியல் வன்முறை 'சித்திரவதை' என்ற பொதுத்தலைப்பில் எழுதப்பட்டுக் காணாமல் போகிறது. பல நாடுகளின் சட்டத்தில் வல்லுறவு என்பதற்கான வரையறையில் ஆணுக்கு இடமே இல்லை. சேவைகள் 'பெண்கள் மையம்' என்ற பெயர்ப்பலகையின் கீழ் இருக்கும்போது பதின்மூன்று வயதுச் சிறுவன் உள்ளே வரமாட்டான். பொது மருத்துவப் பிரிவின் வழியாகவே போகக்கூடிய தனி அறையும் ஆண் ஆலோசகர் ஒருவரும் இருந்தால் வருகை கூடுகிறது. தடுப்புக்காவலில் குழந்தைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 37ஆம் பிரிவு. இதைச் செய்ய புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.

பிறக்கும் குழந்தைகள்

வல்லுறவால் பிறந்த குழந்தைகளைப் பாதுகாப்புச் சபை தனியாகக் கருத்தில் எடுத்தது 2019இன் 2467ஆம் தீர்மானத்தில்தான். தாய்க்கே பதினைந்து வயது என்றால் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு தேவை. பிரச்சினை பிறப்புச் சான்றிதழில் தொடங்குகிறது. தாய் வழியாகக் குடியுரிமை சமமாகப் போய்ச்சேராத நாடுகள் இன்னும் இருக்கின்றன. தந்தை பெயர் இல்லாமல் பதிவு மறுக்கும் அலுவலகங்களும் இருக்கின்றன. பதிவில்லாத குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை, எல்லை கடக்கும் உரிமை எதுவும் எளிதில் கிடைக்காது. ஈராக்கில் ஐ.எஸ். பிடியிலிருந்து மீண்ட, யாசிதி என்ற சிறுபான்மைச் சமூகத்துப் பெண்களுக்காக 2021 மார்ச்சில் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் நிலையை அந்தச் சட்டம் தீர்க்கவில்லை. அக்குழந்தைகள் தந்தையின் மதத்தவராகவே பதிவாக வேண்டிய சூழல், குழந்தையா சமூகமா என்று தேர்ந்தெடுக்கும் நெருக்கடியில் பல இளம்பெண்களைத் தள்ளியது.

பதிவு அலுவலகத்தில் செய்யக்கூடிய மாற்றங்கள் தெளிவானவை. தாயின் பெயரை மட்டும் கொண்டு பதிவை ஏற்க வேண்டும். தந்தைக்கான கட்டத்தில் 'தெரியாது' என்றோ 'எதிரி' என்றோ எழுதாமல், அந்தக் கட்டமே அச்சாகாத சுருக்கச் சான்றிதழ் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வடிவில் கொடுக்க வேண்டும். தாமதப் பதிவுக்கான கட்டணத்தையும் காவல்துறை விசாரணையையும் இவர்களுக்கு நீக்க வேண்டும். உதவிப் பொருள் பட்டியலில் 'வல்லுறவால் பிறந்தவர்' என்ற தனிப் பத்தியை யாரும் திறக்கக் கூடாது. அந்தக் குடும்பங்களுக்குப் பால்மாவும் உதவித்தொகையும், பதினெட்டு வயது நிறையாத எல்லாத் தாய்மார்களுக்குமான பட்டியல் வழியாகவே போய்ச்சேரட்டும்.